மணி என்ன ஏட்டய்யா?

‘விசாரிப்பு’ தமிழில் பிரியமான சொல். இன்லேண்ட் லெட்டர் காலத்தில் கடைசி வரி ‘வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்றுதான் முடியும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். இதே சொல்லைக் காவல் நிலைய வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோனால் அதற்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெற்றிமாறன் அந்த ஒற்றைச் சொல்லையே படத்துக்குத் தலைப்பாக வைத்தார், போஸ்டரைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. ‘கவனிப்பு’ம் அப்படித்தான். ‘ரெண்டு நாள் வச்சு நல்லா கவனிச்சு அனுப்புனாங்க’ என்று யாராவது சொன்னால், விருந்தா அடியா என்பதை இடத்தைக் கேட்டுத்தான் புரிந்துகொள்கிறோம். ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று பேர் வைத்துச் சிரிக்கத் தெரிந்த ஜனங்கள் நாம்.

எனக்குப் பிரச்சினை ஒரு வாக்கியத்தோடு. ‘சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போங்க.’ வாக்கியம் ‘போங்க’ என்று முடிந்தால் கூப்பிடப்பட்டவர் நீங்களாகவோ நானாகவோ இருப்போம். சொந்த வீடு, கவர்மென்ட் உத்தியோகம், இங்கிலீஷ், சாதி, இதில் ஏதோ ஒன்று நம்மிடம் இருப்பதைப் பார்த்துத்தான் அந்த ‘ங்க’ விழுகிறது. இல்லாதவனுக்கு ‘வண்டில ஏறுடா’. ஆனால் போங்கவுக்கும் ஏறுடாவுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கூப்பிடப்படும் அந்த நிமிஷத்தில் கைது இல்லை. பல நேரம் எஃப்.ஐ.ஆர். இல்லை. ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருக்கலாம், அதுவும் இல்லாமல் வாய்ப் புகாராக இருக்கலாம். கூப்பிடப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவரா, சாட்சியா, சந்தேக நபரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காகிதத்தைக் கேட்டால் அவர் அங்கே இல்லவே இல்லை.

அந்தக் காகிதமில்லாத நேரத்தில்தான் இந்த நாட்டில் பெரும்பாலான விசாரணை நடந்து முடிகிறது. ஆகவே, போலீஸ் ஒருவரிடம் குற்றம் பற்றி முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், ‘உன்னை மாட்டிவிடும் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, வக்கீலை வைத்துக்கொள்ளலாம்’ என்று அவருக்குப் புரியும் பாஷையில், வாய்விட்டு, மணியைக் குறித்துக்கொண்டு சொல்லியாக வேண்டும் என்கிறேன். கைதான பிறகு சொல்வது பந்தி முடிந்த பிறகு இலை போடுகிற மாதிரி.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அமெரிக்கப் போலீஸ் சொல்லும் அந்த வரிகள் மனப்பாடம். நெட்ஃபிளிக்ஸில் விலங்கு மாட்டும்போது கட கடவென்று ஒப்பிப்பார்கள்: வாயைத் திறக்காமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, நீ சொல்வது உனக்கு எதிராகப் பயன்படலாம், வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நாங்களே ஏற்பாடு செய்வோம். நம் ஊர் சப்-இன்ஸ்பெக்டரும் இதற்குச் சமமாக ஏதோ ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நண்பர்கள் சிலர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கடமை இல்லை. எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை.

அந்த வரிகள் அமெரிக்காவுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1963 மார்ச்சில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எர்னெஸ்டோ மிராண்டா என்பவரைக் கடத்தல், பாலியல் வன்முறை வழக்கில் பிடித்தார்கள். இரண்டு மணி நேர விசாரணையில் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்துவிட்டார். அவர் எழுதிய தாளின் மேலேயே, ‘என் சட்ட உரிமைகளை முழுக்க அறிந்து, என் சொந்த விருப்பத்தில் இதைத் தருகிறேன்’ என்ற பொருளில் ஒரு பத்தி முன்கூட்டியே டைப் அடிக்கப்பட்டிருந்தது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. காகிதத்துக்கு எல்லா உரிமையும் தெரிந்திருந்தது, ஆளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. 1966 ஜூனில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையில் 5-4 என்ற மயிரிழையில் வந்தது தீர்ப்பு: சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது. மிராண்டா தப்பித்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறு விசாரணையில், அந்த வாக்குமூலம் இல்லாமலேயே, வேறு சாட்சியத்தை வைத்து அவருக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்தார்கள். ‘உரிமையைச் சொன்னால் குற்றவாளியெல்லாம் வெளியே போய்விடுவான்’ என்று அலறுபவர்கள் அந்த வழக்கின் இரண்டாம் பாதியைப் படிப்பதே இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். உரிமை இங்கே இல்லாமல் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. விசாரணை அதிகாரி கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 180-வது பிரிவு. (உரிமையை ஜனங்களுக்குப் புரியவைக்க வேண்டிய சட்டத்துக்குப் பேரையே இப்படி வைத்திருக்கிறார்கள். சாதாரண பெஞ்ச் கிளார்க்குக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.) 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ அனாலிசிஸ் செய்வது இந்த உரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதிலெல்லாம் அழகான தீர்ப்பு 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் வந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது. மௌனமாக இருக்கும் உரிமை கோர்ட்டில் கூண்டேறிய பிறகுதான் தொடங்கும் என்பதில்லை, போலீஸ் கேள்வி கேட்கும்போதே உண்டு என்றது. வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் மறுக்கக் கூடாது என்றது. மிராண்டாவையும் தாராளமாக மேற்கோள் காட்டியது. இப்போது அந்த நந்தினி சத்பதி யார் என்று பாருங்கள். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். ஊழல் வழக்கில் போலீஸ் அவரிடம் நீண்ட கேள்விப் பட்டியலை எழுத்தில் நீட்டியது, அவர் பதில் சொல்ல மறுத்தார், மறுத்ததற்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள், அது டெல்லி வரை போயிற்று. எழுத்தில் கேள்வி! மறுத்தால் அறை விழாமல் வழக்கு விழுகிற விசாரணை! அந்தத் தீர்ப்பில் ‘ஆசைப்பட்டால்’ என்பதுதான் சிக்கல். கேட்டால் கொடு. கேட்க வேண்டும் என்பதே தெரியாதவனுக்கு? முதலமைச்சராக இருந்தவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

அடுத்தது டி.கே. பாசு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட 11 கட்டளைகள். தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனுக்குள் போனாலும் சுவரில் போர்டாக மாட்டியிருப்பார்கள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பீரோவுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். அடுத்த முறை பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்குப் போகும்போது நின்று படித்துப் பாருங்கள். கைது செய்யும் போலீஸ் பேர் தெரிகிற மாதிரி பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும், கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விடலாம், ஆனால் முழு நேரமும் இல்லை. எல்லாம் நல்ல விஷயங்கள். 11-ஐயும் ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். ‘நீ பேசாமல் இருக்கலாம்’ என்று ஒரு வரி கிடையாது. கைதாகாத ஆளிடம் அந்த போர்டைக் காட்டினால், ‘உன்னை யாருப்பா அரெஸ்ட் பண்ணா? சும்மா விசாரிக்கத்தானே கூப்பிட்டோம்’ என்று சொல்லிவிடுவார் ரைட்டர்.

கதவைச் சாத்தியது 2012 ஆகஸ்டில். கசாப் வழக்கு. போலீஸ் காவலில் இருந்தபோது கசாபுக்கு வக்கீல் உதவி பற்றிச் சொல்லப்படவில்லை என்ற வாதம் வந்தபோது, மிராண்டா மாதிரி ஒன்று இங்கே வேண்டியதில்லை, நம் சட்டங்களுக்குள்ளேயே போதிய பாதுகாப்பு இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். இலவச வக்கீல் உரிமை மாஜிஸ்திரேட் முன்னால் முதன்முறை நிறுத்தும்போது தொடங்கும், அதை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றும் சொன்னது. நாடே தூக்குக்காகக் காத்திருந்த வழக்கில் சந்தேக நபரின் உரிமையைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்? ஆனால் அந்த வழக்கில் சொன்னது பிக்பாக்கெட் பையனுக்கும், கோயில் உண்டியல் சந்தேகத்தில் இழுத்துவரப்பட்டவனுக்கும் சேர்த்துப் பொருந்திவிட்டது.

நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் அந்தப் பாதுகாப்பு என்ன? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது. ‘அதுதான் செல்லாதே, பின்ன எதுக்குச் சொல்லணும்?’ என்று வக்கீல் நண்பர்களே கேட்பார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தலைக்கு மேல் ரத்தம் ஏறும். 1855-இல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை ஆராய்ந்த ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் என்னென்ன செய்தார்கள் என்று அதன் அறிக்கை பட்டியல் போடுகிறது. இங்கிலீஷ் அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். முதலாவது விரலையும் சதையையும் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது. இரண்டாவது ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் போடுவது. தமிழ் இலக்கியம் அகராதிக்குக் கொடுத்த சொற்களைப் பற்றி நாம் நிறையக் கட்டுரை எழுதியிருக்கிறோம், மதராஸ் போலீஸ் ஆங்கிலேயனுக்குக் கொடுத்த இந்த இரண்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு வருஷம் கழித்து, 1861-இல், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று சட்டத்தில் எழுதினார்கள். 1872-இல் அது சாட்சியச் சட்டத்துக்குள் போயிற்று, இன்று பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 23-வது பிரிவாக இருக்கிறது.

அதாவது, போலீஸ் அடிக்கும் என்று தெரிந்தே எழுதிய விதி. அடிப்பவன் கையிலிருந்து சாட்சியத்தைப் பிடுங்கினார்கள், அடி வாங்குகிறவன் காதில் ஒரு வார்த்தையும் போடவில்லை. 160 வருஷத்துக்கு மேலாகியும் அப்படியே.

அதிலும் ஒரு ஓட்டை வைத்தார்கள். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புடைய பேச்சு மட்டும் செல்லும். பழைய 27-வது பிரிவு. ‘குற்றவாளி கொடுத்த தகவலின் பேரில் முட்புதரில் கிடந்த அரிவாள் கைப்பற்றப்பட்டது’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த முட்புதர் முழுக்க இந்த ஓட்டைக்குள்தான் வளர்கிறது. கோர்ட்டில் செல்லாத அந்த வாக்குமூலம் டீக்கடையில் நன்றாகவே செல்லும். ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று காலைப் பத்திரிகையில் வந்துவிடும், சாயங்காலம் அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறகு விடுதலையானால் ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி, அதுவும் இடம் இருந்தால்.

சரி, ‘முன்கூட்டியே உரிமையைச் சொல்வது’ நம் சட்டத்துக்குத் தெரியாத வித்தையா? நன்றாகவே தெரியும். ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வந்தால், ‘நீ இதைச் சொல்லக் கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம்’ என்று மாஜிஸ்திரேட் விளக்கியாக வேண்டும். பழைய 164, புதிய 183. யோசித்துவிட்டு வா என்று வழக்கமாக ஒரு நாளாவது அவகாசம் கொடுப்பார்கள். ஏசி ஓடும் அறையில், லத்தி இல்லாத நீதிபதி முன்னால் எச்சரிக்கை உண்டு. ட்யூப் லைட் விட்டுவிட்டு எரியும் அறையில், சட்டையைக் கழற்றச் சொன்ன பிறகு, எச்சரிக்கை கிடையாது.

இன்னொன்று கஞ்சா. போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, சந்தேகப்படும் ஆளின் உடம்பைச் சோதனை போடுவதற்கு முன்னால், ‘கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு’ என்று சொல்ல வேண்டும். கேட்டால் கொடு என்பது போதாது, உரிமை இருப்பதை நீயே சொல்ல வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2010-இல் இன்னொரு ஐந்து பேர் அமர்வு அதைக் கறாராக்கியது. சொல்லாததால் வழக்குகள் கவிழ்ந்திருக்கின்றன. கவிழும் என்று தெரிந்ததால் போலீஸ் சொல்லக் கற்றுக்கொண்டது, அச்சடித்த படிவமே வைத்திருக்கிறார்கள். ரோட்டோரத்தில், நடு ராத்திரியில், இரண்டு ஏட்டும் ஒரு எஸ்.ஐ.யும் இதைச் செய்ய முடிகிறது. பேன்ட் பாக்கெட்டுக்குள் கை விடுவதற்கு முன்னால் உரிமையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, வாய்க்குள் கை விடுவதற்கு முன்னால் சொல்லத் தெரியாதா?

‘சொல்லிட்டா மட்டும் அடிக்காம விட்டுருவானா?’ இதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. நாலு வாக்கியம் லத்தியைப் பிடித்து நிறுத்தாது. அந்த நாலு வாக்கியத்தை ஒரு மந்திரமாக நினைத்து நான் கேட்கவில்லை. அது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையைச் செய்யும், அதற்காகக் கேட்கிறேன்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அந்த 24 மணி எப்போது தொடங்குகிறது என்று முடிவு செய்வது யார்? கைதுக் குறிப்பாணையில் நேரம் எழுதுகிற அதே ரைட்டர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூக்கிக்கொண்டு போவார்கள், வியாழக்கிழமை காலையில் ‘பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரைப் பிடித்து விசாரித்தபோது’ என்று கைது எழுதுவார்கள். நடுவில் இருந்த செவ்வாயும் புதனும் எந்தக் காலண்டரிலும் இல்லை. வீங்கிய பாதத்துக்கும் பாத்ரூமில் வழுக்கி விழுந்த மாவுக்கட்டுக்கும் (அந்த மீம்ஸைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்) தேவையான நேரம் அங்கிருந்துதான் கிடைக்கிறது. கேள்விக்கு முன்னால் உரிமையைச் சொல்ல வேண்டும், சொன்ன மணியை எழுத வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளுக்கும் ஒரு தொடக்கம் வந்துவிடும். பின்னால் கோர்ட்டில் ஒரு ஜூனியர் வக்கீல்கூட எழுந்து கேட்கலாம்: எத்தனை மணிக்குச் சொன்னீங்க ஏட்டய்யா? சி.சி.டி.வி. எத்தனை மணி காட்டுது? எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. எந்த மணியிலிருந்து பார்க்க வேண்டும் என்று தெரியாமல் கேமராவை வைத்து என்ன செய்வது?

2025 ஜூனில் திருப்புவனத்தில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயதுப் பையன். கோயிலுக்கு வந்தவரின் காரிலிருந்து நகை காணவில்லை என்று புகார். தனிப்படை கூட்டிக்கொண்டு போனது. ஸ்டேஷனில்கூட வைக்கவில்லை, எங்கெங்கோ கொண்டுபோய் விசாரித்தார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். மதுரைக் கிளை நீதிபதிகள் கொதித்தார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. கைதுக்கான ஆவணத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அவர் சாகும்வரை ‘விசாரணை’யில்தான் இருந்தார். 1993-இல் கம்மாபுரத்தில் ராஜாக்கண்ணுவும் நகைத் திருட்டுச் சந்தேகத்தில்தான் கொண்டுபோகப்பட்டார். ‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு அழுதோம். நகை காணாமல் போவதும் நிற்கவில்லை, ஆள் காணாமல் போவதும் நிற்கவில்லை.

இங்கேதான் மிராண்டாவைவிட இங்கிலாந்து நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் காவலில் வைத்துக் கேட்டால்தான் அந்த வரிகள் தேவை. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், ஒருவரைச் சந்தேகிக்கக் காரணம் வந்துவிட்டாலே, குற்றம் பற்றிய கேள்விக்கு முன் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தானாக ஸ்டேஷனுக்கு வந்தவருக்கும் அப்படித்தான். ஸ்டேஷனில் இலவச வக்கீல் உண்டு, பணக்காரனா ஏழையா என்று பார்ப்பதில்லை. (1994-க்குப் பிறகு அங்கே மௌனத்துக்கு விலை கொஞ்சம் கூடிவிட்டது, அது வேறு சண்டை.) நமக்கு இரவல் வேண்டுமென்றால் ஹாலிவுட்டில் எடுக்காமல் அங்கே எடுக்கலாம்.

இதுவரை போலீஸையும் கோர்ட்டையும் திட்டியது சுலபம். இப்போது நம்மை.

இந்த மாதிரி இதழ்களைப் படிக்கிற நாம் பெரும்பாலும் சந்தேக நபர்கள் அல்ல, புகார்தாரர்கள். அபார்ட்மென்ட்டில் ஐந்து பவுன் செயினைக் காணவில்லை என்றால் முதலில் யார் பேரைச் சொல்வோம்? வேலைக்கார அக்கா. அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்கள். சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிப்பதானால் அவர் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 160-வது பிரிவு, இப்போது 179. சந்தேக நபர் என்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும். இது இரண்டும் இல்லாமல் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. இன்ஸ்பெக்டர் நம்மிடம் வந்து, ‘கொஞ்சம் கவனிச்சாத்தான் சார் வாயத் தொறப்பாங்க’ என்பார். நாம் ‘நகை கிடைச்சா போதும் சார்’ என்போம். அந்த ‘போதும்’ ஒரு சம்மதம், அவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். நாலு நாள் கழித்து செயின் தலையணை உறைக்குள் கிடைக்கும். இதே நாம்தான் ‘விசாரணை’க்கு ஐந்து ஸ்டார் போட்டவர்கள்.

என் சித்தப்பா பையன் ஒருவனை இப்படி ஒருமுறை ஃபோனில் கூப்பிட்டார்கள், ஏதோ பைக் திருட்டு விஷயமாக. டிப்ளமோ படித்தவன், வாட்ஸ்அப்பில் உலக அரசியல் பேசுகிறவன். காலையில் போனவன் ராத்திரி பத்து மணிக்கு வந்தான். அடிக்கவில்லை. ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், சாப்பாடு இல்லை. கடைசியில் மூன்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் ஒன்று வெள்ளைத்தாள். ‘ஏன்டா போட்ட?’ என்றேன். ‘போட்டாத்தான் அனுப்புவேன்னாங்க அண்ணே.’ போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கொடுத்தவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம், பழைய 162, புதிய 181. அன்றைக்கு அவனிடம் யாராவது அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவன் மறுத்திருப்பானா? தெரியாது, ஒருவேளை பயந்து போட்டிருப்பான். ஆனால் தான் போடுவது தப்பான கையெழுத்து என்று தெரிந்து போட்டிருப்பான். மறுநாள் ஒரு வக்கீலிடம் போய்ச் சொல்லியிருப்பான். இன்றுவரை அவன் அதை ஸ்டேஷன் நடைமுறை என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

கோர்ட்டுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. கைதுக்கான காரணத்தை ஆளுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கிலும், எல்லாக் குற்றங்களுக்கும் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதே வருஷம் நவம்பரில் மிஹிர் ஷா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் இரண்டுமே ஏன் கைது செய்தோம் என்பதைப் பற்றியவை, கைது என்ற சொல்லுக்கு இந்தப் பக்கமே நிற்பவை. அதற்கு முன்பக்கம் கைவைத்தது சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019-இல் வெளியிட்ட வழிமுறைதான். ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்படும் சந்தேக நபருக்கும் வக்கீல் உதவி உண்டு, அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. 15100 என்று உதவி எண்கூட உண்டு. உங்கள் ஏரியா ஸ்டேஷனில் யாராவது அந்த எண்ணை யாருக்காவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதை மீறினால் எந்த வழக்கும் கவிழாது, எந்த இன்ஸ்பெக்டருக்கும் மெமோ வராது. கஞ்சாப் படிவம் பிழைத்ததும் இது சுவரோடு நின்றதும் அதனால்தான்.

எனவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஸ்டேஷனிலோ, வண்டியிலோ, தோப்பிலோ, எங்கே வைத்துக் கேட்டாலும், குற்றம் பற்றிய முதல் கேள்விக்கு முன்னால், தமிழில் இதைச் சொல்ல வேண்டும்:

‘உங்களிடம் ஒரு குற்றத்தைப் பற்றிக் கேட்கப் போகிறோம். உங்களை மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. வக்கீலைக் கூப்பிடலாம், பணம் இல்லையென்றால் அரசு கொடுக்கும். நீங்கள் இங்கே இருப்பதை இப்போதே உங்கள் வீட்டுக்குச் சொல்கிறோம். எதிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இப்போது மணி இத்தனை.’

முப்பது விநாடி ஆகும். சொல்லாமல் வாங்கிய எதுவும், முட்புதர் அரிவாள் உட்பட, செல்லாது என்று வைத்தால் ஒரே வருஷத்தில் எல்லா ஏட்டுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். செல்லாது என்ற பாதியை எழுத நாடாளுமன்றமோ உச்ச நீதிமன்றமோ வேண்டும், அது நடக்கும்போது நடக்கட்டும். சொல்ல வேண்டும் என்ற பாதிக்கு டெல்லி தேவையில்லை. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. திருப்புவனத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே, முறையான உத்தரவில்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து உத்தரவு போயிற்று. அதே லெட்டர்பேடில், அதே ஊரிலிருந்து, இந்த ஆறு வரியையும் பொது நாட்குறிப்பில் மணி எழுத ஒரு கட்டத்தையும் எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பலாம். ‘இத்தனை’ என்று விட்டிருக்கும் இடத்தை பாரா நிற்கும் போலீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளட்டும்.